ஜாவா இருந்தும் விண்டோ திறக்காதது ஏன்?

ஆசிரியருக்கு,

நீலகிரியின் கொழுந்து கொள்முதல் மையங்களில் பழைய கம்ப்யூட்டருக்கு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, ஜாவா நிரல்மொழியில் எழுதிய எடைக் கணக்கு மென்பொருளை ஓட்டும்போது அடிக்கடி ஒரு சிக்கல் வருகிறது. கணக்குப் பகுதி ஓடும், விண்டோ மட்டும் வராது. 'லிப்ஏடபிள்யூடி_எக்ஸ்ஏடபிள்யூடி' என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை என்று பிழைச்செய்தி காட்டும். மென்பொருளை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் பயனில்லை, கோளாறு அதில் இல்லை.

எங்கும் ஓடும் என்பது 1995 முதல் ஜாவா தரும் வாக்கு. ஆனால் விண்டோ திறக்க, ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம் இயங்குதளத்தைத்தான் கேட்டாக வேண்டும். இரண்டையும் இணைக்கும் கோப்பு ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் வேறு; லினக்ஸில் அதுதான் பிழைச்செய்தியில் வந்த கோப்பு. உபுண்டுவில் 'ஓப்பன்ஜேடிகே-17-ஜேஆர்இ-ஹெட்லெஸ்' என்பது விண்டோ தேவைப்படாத சர்வருக்கான ஜாவா தொகுப்பு, அதில் இந்தக் கோப்பு கிடையாது. ஜாவாவின் மாட்யூல் (உட்பகுதி) பட்டியலில் விண்டோவுக்கான 'ஜாவா.டெஸ்க்டாப்' இருப்பதால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறார்கள். பெயரில் 'ஹெட்லெஸ்' இல்லாத 'ஓப்பன்ஜேடிகே-17-ஜேஆர்இ' தொகுப்பை அதன் மேலேயே நிறுவினால் போதும்.

விண்டோ அமைக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸ் என்ற நூலகத்தில் எழுதியவை வேறு கதை: 2018-இல் வந்த ஜாவா 11-ஆம் பதிப்பிலிருந்து அது ஜேடிகே என்ற ஜாவா உருவாக்கத் தொகுப்பில் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

மென்பொருள் தருவோர் 'ஜேபேக்கேஜ்' கருவியால் ஜாவாவையும் உள்ளடக்கிய நிறுவியைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். விண்டோஸுக்கு விண்டோஸிலும், லினக்ஸுக்கு லினக்ஸிலும் தனித்தனியே தயாரிப்பது அவசியம். மழைக்காலத்தில் இணையம் அறுந்துபோகும் மலைக் கிராமத்துக்கு அதைப் பென்டிரைவில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

— மென்பொருள் பராமரிப்பாளர்கள், கோத்தகிரி