ஆணியா, நகமா? ஆடிட் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தர ஆடிட் குழுவினருக்கு,

வணக்கம். இரவு ஷிப்டில் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிக் குறிப்புகளுக்கு, நோயையும் காயத்தையும் குறிக்கும் கோட் எண் போடுகிறவள் எழுதுகிறேன். சென்ற வாரம் எனக்கு வெட்டிய மதிப்பெண் பற்றித்தான்.

நோயாளி யார், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அந்த ஒழுங்கு எனக்குத் தெரியும். அமெரிக்க மருத்துவர் எழுதியிருந்தது ஒரே வரி: இடது ஆள்காட்டி விரல், 'நெயில் இஞ்சுரி', குத்துக்காயம். நெயில் என்றால் ஆணியா, நகமா? என் அம்மாவாக இருந்தால் 'ஆணி குத்திவிட்டது' என்பார், அல்லது 'நகக்கண்ணில் ஏறிவிட்டது' என்பார். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே சொல். நகம் தப்பியிருந்தால் போடவேண்டிய கோட் எஸ்61.231ஏ. நகமும் சிதைந்திருந்தால் எஸ்61.331ஏ. நகம் சிதைந்ததோடு ஆணியின் துணுக்கும் உள்ளே தங்கியிருந்தால் எஸ்61.341ஏ.

ஆணி அடிக்கும் துப்பாக்கி கை நழுவியதாகச் செவிலியர் குறிப்பில் இருந்தது. நகத்தைப் பற்றி எங்குமே ஒரு சொல் இல்லை. நகம் சிதைந்ததாக மருத்துவர் எழுதாதவரை கோட் புத்தகத்தின் அகரவரிசை அட்டவணை என்னை 231 பக்கம்தான் அனுப்புகிறது. அதையே போட்டேன். '331 போட்டிருக்க வேண்டும், பிழை' என்றீர்கள். போன மாதம் இதே மாதிரி வரிக்கு 331 போட்ட என் தோழிக்கோ, 'அனுமானம் செய்யக் கூடாது, பிழை' என்றீர்கள். இருவருமே 95 சதவீதத் துல்லியத்துக்குக் கீழே போனோம். இருவருக்கும் ஊக்கத்தொகை இல்லை.

மருத்துவரிடம் க்வெரி அனுப்பிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் சார்ட் நிலுவையில் நிற்கும், நிலுவை கூடினால் டீம் லீடர் என் இருக்கைக்குப் பின்னால் வந்து நிற்பார். நாங்கள் கேட்பது இதுதான்: க்வெரி அனுப்பிய சார்ட்டை அன்றைய எண்ணிக்கையிலிருந்து நீக்குங்கள். மருத்துவர் எழுதாததற்கு எங்கள் மதிப்பெண்ணை வெட்டாதீர்கள்.

2015 அக்டோபரில் ஐசிடி-10-சிஎம் என்ற இந்தக் கோட் முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கை, எந்த விரல், நகம் போனதா இருந்ததா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்று ஏழு இடங்களில் துருவித் துருவிக் கேட்கிறது. எழுதுகிறவருக்கு ஒரு வரிக்குமேல் நேரமில்லை. நடுவில் நாங்கள் விடிய விடியக் குறி சொல்கிறோம். எங்கள் மேசைக்கு ஆளுக்கொரு கிளியும் சீட்டுக்கட்டும் வாங்கித் தந்தால் துல்லியம் நிச்சயம் கூடும். சீட்டு எடுக்கும் நேரத்தையும் கழிப்பறை இடைவேளை போல நிமிடக் கணக்கில் குறித்துக்கொள்ளலாம்.

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மேலே இலக்கு இருப்பது தெரியும். ஆனாலும் மீண்டும் அதையே கேட்கிறேன்: மருத்துவர் எழுதாததற்கு எங்கள் மதிப்பெண்ணை வெட்டாதீர்கள். என்னுடைய 231-ஐயும் தோழியின் 331-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்து, எது சரி என்று எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் கோடர் ஒருத்தி