தமிழில ஒரு முழு ஜிம் வழிகாட்டி வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு,

கல்லடி, களுவாஞ்சிகுடி பக்கமெல்லாம் இப்ப பொடியன்மார் ஜிம்முக்குப் போறாங்க, சந்தோசம்தான், ஆனா ஆரு ஒழுங்கா சொல்லிக் குடுக்கிற? வீடியோவில துண்டு துண்டா பாத்திட்டு முதல் கிழமையே பாரத்த ஏத்தி முதுக வளைச்சு டெட்லிஃப்ட் (நிலத்தில கிடக்கிற பாரத்தத் தூக்கி நிமிர்ற பயிற்சி) அடிச்சா நாரி போயிரும். ஸ்குவாட் (குந்தி எழும்புறது), பெஞ்ச் பிரஸ் (வாங்கில படுத்துப் பாரத்த மேல தள்ளுறது) எல்லாம் லேசான வெயிட்டில வடிவா பழகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும், ஒரே தசைக்கு 48 மணித்தியாலமாவது ஓய்வு குடுத்தா நல்லம். புரதப் பவுடர் கட்டாயமில்ல, ஒரு நாளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் காணும், அத நம்மட மீன், முட்டை, பயறு, எருமைத் தயிரிலயே எடுக்கலாம்.

உங்கட பேப்பரில கிழமைக்கு ஒருக்கா இத அடியிலிருந்து வரிசையா படத்தோட போடுங்க ஐயா, விளையாட்டுப் பக்கத்தில அரைவாசி தந்தாலே போதும். பொம்பிளப் பிள்ளைகளுக்கும் சேத்து எழுதுங்க.

வாசகர், கல்லடி, மட்டக்களப்பு