பல் கறையும் வீட்டுப் பழக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினரின் பற்கள் கெட்டுப்போவதைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை’ என்று பிள்ளைகள் மீதே பழியைப் போட்டுவிடுகிறோம். தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில், நாம் முதலில் கவனிக்க வேண்டியது வீட்டுப் பழக்கங்களையே என்று எழுத விரும்புகிறேன்.

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு என்னும் தாது உப்பு இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எங்கள் மாவட்டத்தில் அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் பல உண்டு. நிலைப்பற்களின் எனாமல் எனப்படும் கடினமான மேலுறை உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ 8 வயதுவரை, அந்த நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தையின் பற்களில் வெள்ளைத் திட்டுகளோ பழுப்புக் கறையோ நிலைத்துவிடுகின்றன. எனாமலுக்குள்ளேயே படிந்த அந்தக் கறை தேய்ப்பதால் போகாது. ஆனால், ‘நன்றாக விளக்கினால் பல் ஏன் இப்படி இருக்கிறது?’ என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, கண்ணாடி முன் நிற்கும் வயது வந்ததும் கரித்தூள், உப்பு, சில வீடுகளில் செங்கல் பொடி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அழுத்தித் தேய்க்கிறது. கறை அப்படியே இருக்க, எனாமல் தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசுகிறது. சிரிப்பு வந்தால் துப்பட்டா நுனியால் வாயை மூடிக்கொள்ளும் மாணவியரை ஒவ்வொரு வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். எப்படியும் போகாத கறைதானே என்று பல் துலக்குவதையே கைவிட்ட மாணவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொத்தையும் சேர்ந்துகொள்கிறது.

காவிரி நீரை எங்கள் ஊர்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆயினும் காவிரி நீரைக் குடிப்பதற்கு மட்டும் குடத்தில் பிடித்து வைத்துவிட்டு, சோறு பொங்கவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீரையே எடுக்கும் அடுக்களைகள் இன்னும் இருக்கின்றன. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஃபுளோரைடு ஆவியாகிப் போவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இரவில் பல் துலக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் மிகக் குறைவு. சர்க்கரை கலந்த பாலைக் குடித்துவிட்டு அப்படியே படுப்பதே வழக்கம் என்றால், பிள்ளைக்கு மட்டும் அறிவுரை சொல்லிப் பயனில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், பற்களில் ஒட்டிய சர்க்கரையிலிருந்து உண்டாகும் அமிலம் கழுவப்படாமல் தங்கிவிடுகிறது. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற ஆதாரமற்ற அச்சத்தில், வலி பொறுக்க முடியாத நிலை வரும்வரை கிராம்பை வைத்தே நாளைக் கடத்துகிறோம். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மட்டும் பல் மருத்துவரைத் தேடி ஓடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. 14 வயதில் சிறு சொத்தையாக இருந்தபோதே அடைத்திருந்தால் அந்தப் பல் பிழைத்திருக்கும்.

எனவே, பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் மாணவர்களின் பற்களைப் பார்த்துச் செல்வதோடு நில்லாமல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் சந்தித்து, சமையலுக்கு எந்த நீர், இரவில் என்ன செய்ய வேண்டும், கறைக்கு என்னென்ன சிகிச்சைகள் உண்டு என்பதை நேரில் விளக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாலக்கோடு.