பொங்கலுக்கு முன் ஹோல் சுவரில் கைவைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பொங்கல் நெருங்குகிறது. திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் பெயின்ற் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். முன்பு வீடு முழுக்க ஒரே நிறம் அடித்தவர்கள் இப்போது ஹோலில் ஒரு சுவரை மட்டும் எடுப்பாகக் காட்ட விரும்புகிறார்கள். கடும் நீலம், செங்கல் போல் அச்சடித்த ஒட்டுத்தாள், பூப்போட்ட வோல் பேப்பர், குடும்பப் படங்கள் என்று விருப்பம் பலவிதம். வாசலில் கால்வைக்கிறவருக்கே இது இன்னாருடைய வீடு என்று தெரியவேண்டும் என்ற ஆசை அது. அந்த ஆசையை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் மாரி ஓயாத மார்கழியில் வேலையைத் தொடங்குவதால், சித்திரை வருவதற்குள் சுவர் கொப்புளித்து உதிரத் தொடங்கிவிடுகிறது. சுவர்ப் பூச்சும் பெயின்ற் வேலையும் செய்கிறவர்கள் என்ற முறையில், காசைக் கொட்டுவதற்கு முன் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறோம்.

எங்கள் மாவட்டத்துப் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. வடக்கு, கிழக்குப் பார்த்த சுவர்களில் சாரல் நேரே அடிக்கும். சீமெந்துக் கல் ஒருமுறை ஊறிவிட்டால், மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஓரடிக்கு ஓரடி அளவில் தெளிவான பொலித்தீன் துண்டுகள் இரண்டு எடுத்து, ஒன்றை நிலத்திலிருந்து ஓரடி உயரத்திலும் மற்றதை நெஞ்சளவு உயரத்திலும் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். கீழ்த்துண்டு மட்டும் உள்ளே வியர்த்தால் நிலத்து ஈரம் மேலேறுகிறது என்று பொருள். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் போடாத பழைய வீடுகளில் அது மூன்றடி வரைக்கும் ஏறும். எவ்வளவு விலையுயர்ந்த பெயின்றும் அதைத் தடுக்காது.

அடுத்தது உப்பு. சரியாகக் கழுவாத கடல்மண்ணில் பூசிய சுவரிலும், உவர்நீரில் குழைத்த சீமெந்திலும் உப்பு தங்கிவிடுகிறது. ஈரம் அந்த உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவரும். நீர் ஆவியானதும் உப்பு பளிங்காக விளையும். விளையும் பளிங்கு பெயின்றைப் பின்னாலிருந்து நெம்பித் தள்ளும். கொப்புளத்தை விரலால் நசுக்கினால் உள்ளே வெள்ளைப் பஞ்சுபோல் இருப்பது அதுதான். பலர் அதை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். துடைத்த உப்பு தண்ணீரோடு மறுபடி சுவருக்குள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷால் தட்டி, பொடியைப் பழைய பத்திரிகையில் ஏந்தி வெளியே கொட்டவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூத்தால் மறுபடி தட்டவேண்டும். பூப்பது நின்ற பிறகே பிறைமர், அதாவது பெயின்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு.

புதுப் பூச்சென்றால் குறைந்தது 28 நாள் ஆறவிடுங்கள். பச்சைச் சீமெந்தின் காரம் எண்ணெய்ப் பெயின்றைப் பிசுபிசுக்க வைத்துவிடும், சில நிறங்களை வெளிறவும் செய்யும். ஆறிய பிறகும் முதற் பூச்சு காரத்தைத் தாங்கும் பிறைமராகவே இருக்கட்டும்.

எனவே எங்கள் ஆலோசனை, பொங்கலுக்கு வீட்டைத் தூசு தட்டிக் கழுவி, எடுப்பான சுவரைச் சித்திரை வருடப் பிறப்புக்கு வைத்துக்கொள்வதுதான். மாசியும் பங்குனியும் சுவர் உலர ஏற்ற மாதங்கள். பிறகு கச்சான் வீசத் தொடங்கினால் வேறொரு தொல்லை உண்டு. அந்த வறண்ட காற்றில் பெயின்ற் ரோலரிலேயே காயும், ரோலர் ஓடிய ஒரு பட்டையும் அடுத்த பட்டையும் சேருமிடம் கோடாய்த் தெரியும். அக்காலத்தில் யன்னலைச் சாத்திவிட்டுக் காலையிலேயே அடித்து முடிக்கவேண்டும்.

ஒரு ஹோலுக்கு ஒரு சுவர் போதும். கதவால் நுழைந்ததும் நேரே கண்ணில் படுகிற, யன்னல் இல்லாத சுவரைத் தெரிவுசெய்யுங்கள். கடையில் காட்டும் அட்டையில் இரண்டு விரல் அகலத்தில் பார்த்த நிறம், பெரிய சுவரில் ஏறியதும் இன்னும் அழுத்தமாகத் தெரியும். முதலில் இரண்டடிக்கு இரண்டடியில் இரண்டு பூச்சு அடித்துக் காலை, மாலை, இரவு விளக்கு ஆகிய மூன்றிலும் பாருங்கள். 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள சுவர் 120 சதுர அடி, ஏறத்தாழ 11 சதுர மீற்றர். சமமான சுவரில் எமல்ஷன் எனப்படும் தண்ணீர்ப் பெயின்ற் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீற்றர் பிடிக்கும். கடும் நிறங்களுக்கு மூன்று பூச்சு வேண்டியிருப்பதால் 4 லீற்றர் வாங்கினால் பின்னர் கீறல் மறைக்கவும் மிஞ்சும். தனித்தனி டின்களாக வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்துகொள்ளுங்கள். ஒரே இலக்கமுள்ள நிறம்கூட டின்னுக்கு டின் சற்று மாறலாம்.

எங்கள் மண்ணுக்குரிய எடுப்பான சுவர் வேண்டுமென்றால், கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையை விடப் பொருத்தமானது எதுவுமில்லை என்பது எங்கள் கருத்து. செய்வதும் எளிது, கணக்கு மட்டும் பிசகக்கூடாது. இரு ஓரத்திலும் காவி வரவேண்டுமென்றால் பட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கவேண்டும். 12 அடிச் சுவர் ஏறக்குறைய 3,660 மில்லிமீற்றர். 15 பட்டையாகப் பிரித்தால் ஒன்று 244 மில்லிமீற்றர். சுவர் முழுக்க வெள்ளை இரண்டு பூச்சு அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். மூலையிலிருந்து அளக்கத் தொடங்கவேண்டாம், வீடுகளில் மூலை அநேகமாக நேராக இருப்பதில்லை. நடுவில் தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு, அதற்கு இருபுறமும் 122 மில்லிமீற்றர் அளந்தால் நடுப்பட்டை வரும். அது எட்டாவது பட்டை, வெள்ளை. அங்கிருந்து இருபக்கமும் 244 ஆக அளந்து போங்கள். சுவரின் கோணல் எல்லாம் ஓரப்பட்டைகளில் போய்ச் சேரும், அங்கே அது கண்ணை உறுத்தாது. டேப்பை எப்போதும் வெள்ளைப் பட்டையின் பக்கம் ஒட்டவேண்டும். ஒட்டியதும் டேப்பின் விளிம்போரம் மெல்லிய பிரஷால் முதலில் வெள்ளையையே ஓட்டுங்கள். டேப்பின் கீழே கசிவது வெள்ளையாகிவிடும், காவி உள்ளே போகாது. இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பதால்தான் கோடுகள் பல் பல்லாக வருகின்றன. கடைசிப் பூச்சு முழுதும் காயுமுன் டேப்பைச் சரிவாக மடித்து மெதுவாக உரியுங்கள். காய்ந்த பின் உரித்தால் பெயின்றும் சேர்ந்து கிழியும். எட்டுக் காவிப் பட்டைகளுக்கும் இரண்டு பூச்சுக்கு ஒன்றேகால் லீற்றர் போதும்.

ஈரமேறும் பழைய சுவரானால் எமல்ஷனை விட்டுச் சுண்ணாம்புக்குப் போங்கள். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும். சிவப்பு ஒக்சைட் தூளைக் கலக்கலாம். அது வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாத நிறம். ஆனால் தூள், சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையிலும் சட்டையிலும் ஒட்டும். பால் பதத்தில் நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்து, இடையில் ஒரு நாள் விட்டு அடிக்கவேண்டும். ஈரத்தில் கடும் நிறமாய்த் தெரிவது காய்ந்ததும் நன்றாக வெளுக்கும். பழைய எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது, முதலில் சுரண்டி எடுக்கவேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

வோல் பேப்பர் பற்றி அதிகம் கேட்கிறார்கள். வினைல் பூசிய தாள் ஈரத்தை வெளியே விடாது, பின்னால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். பொலித்தீன் சோதனையில் தேறிய உட்சுவருக்கு மட்டுமே அது சரி. வழமையான ஒரு சுருள் 53 சென்ரிமீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம். 12 அடிச் சுவருக்கு 7 துண்டு வேண்டும். 10 அடி உயரத்துக்கு ஒரு சுருளில் 3 துண்டு வெட்டலாம், ஆக 3 சுருள். உயரம் 11 அடியானால் ஒரு சுருளில் 2 துண்டுதான் வரும், 4 சுருள் தேவை. பூவோடு பூ சேரவேண்டிய தாளென்றால் கழிவு இன்னும் கூடலாம், அதையும் பார்த்து வாங்குங்கள். செங்கல் வடிவ ஃபோம் ஒட்டுத்தாளைக் குசினியிலும் சாமியறையிலும் ஒட்டவே வேண்டாம். அந்த ஃபோம் எளிதில் தீப்பற்றும். சுண்ணாம்புச் சுவரிலும் அது நிற்காது. உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டினால் பசையும் அந்தப் பொடியோடுதான் ஒட்டும்.

படச் சுவர் அமைப்பவர்கள், ஒவ்வொரு படத்தின் அளவிலும் இந்தப் பத்திரிகைத் தாளையே வெட்டிச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்துவிட்டுத் துளையிடுங்கள். படத்தொகுதியின் நடு நிலத்திலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும், படங்களுக்கிடையே இரண்டு மூன்று அங்குலம். அப்பப்பா, அம்மம்மா படங்களுக்கு மாலையும் சிறு மின்விளக்கும் போடுவீர்களானால் அதற்கும் இடம் விட்டு அளவெடுங்கள். பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும், திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் அதைத் தாண்டிக் கல்லுக்குள் போனால்தான் பாரம் தாங்கும். சுவிச்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், வயர் அங்கேதான் ஓடும். எங்கள் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணி துருவேறிச் சுவரில் செம்பழுப்பாய் வழியும், பித்தளை அல்லது ஸ்ரெயின்லெஸ் திருகாணி வாங்குங்கள். படத்தின் பின்புறக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர்த் துண்டு ஒட்டினால் காற்றோடும், அட்டையில் பூஞ்சணம் பிடிக்காது. பன்பாய், பனையோலைத் தடுக்கு மாட்டுபவர்களும் பின்னால் மூங்கில் சலாகை வைத்து அரை அங்குலம் இடைவெளி விடவேண்டும்.

சுவரில் பதிக்கப் பவளப்பாறைத் துண்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள். நிலாவெளிக் கடலில் பவளப்பாறை சூழ்ந்த புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றம். கரையொதுங்கிய துண்டுகூட உப்பைச் சுமந்து வந்து ஈரத்தை இழுக்கும். அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை, மற்றவர்களும் மறுக்கவேண்டும்.

வார இதழ்களில் வெளிநாட்டு வீட்டுச் சுவர்களின் படங்களை அழகாக வெளியிடுகிறீர்கள். அவற்றோடு எந்தச் சுவருக்கு எது ஒட்டும், எந்த மாதத்தில் செய்யலாம் என்ற இரண்டு வரியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வோல் பேப்பரும் ஃபோம் தாளும் விற்கும் கடைக்காரர்கள், விற்குமுன் சுவர் எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டால் அது பெரிய உதவியாயிருக்கும்.

இப்படிக்கு,
சுவர் வேலை செய்வோர்,
திருகோணமலை.