பதினாறு கையெழுத்துகள்: எங்கள் குடியிருப்பின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள 23 வீட்டு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு நடந்தது. ஏழு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இருவர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். இன்னொருவர், லிஃப்ட் நின்றுவிட்டதால் நான்காம் மாடிக்கு ஏற முடியாமல் கீழே உட்கார்ந்திருந்தவர். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இல்லை என்று கூட்டத்தை ஒத்திவைத்தோம். அரை மணி நேரம் கழித்து அதே நாற்காலிகளில் அதே ஆட்கள் மறுபடியும் கூடினோம். ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை என்று நம் துணைவிதிகளில் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கு ஏகமனதாக நிறைவேறியது. நான் பொருளாளராக இருந்த பதினொரு ஆண்டுகளும் கணக்கு இப்படித்தான் நிறைவேறியிருக்கிறது.

பெயின்ட் அடிக்கவும் காவலாளியை மாற்றவும் இந்த வித்தை போதும். கட்டடத்தை இடித்து மறுபடி கட்டுவதா என்று இனி வரப்போகிற காரியத்துக்குப் போதாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நம் கட்டடம் 1996இல் கட்டி முடிக்கப்பட்டது. கடற்காற்று அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மூன்றாம் மாடிப் படிக்கட்டின் அடியில் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. இரண்டு முறை பூசினோம், இரண்டு முறையும் விழுந்தது. 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் சரிந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. நம்முடையதும் 24 வீடுகள்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நம் கட்டடம் அந்த நிலையில் இல்லை. ஆனால் இன்னும் பத்து ஆண்டுகளில் இடித்துக் கட்டுவதா வேண்டாமா என்ற பேச்சு வந்தே தீரும்.

அந்தப் பேச்சுக்கான சட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் எல்லோரும் கையெழுத்திட்டால்தான் காரியம் நடக்கும். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் அத்தோடு நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அதற்கான விதிகளும் வந்தன. இதன்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். இந்தக் கணக்கு கூட்டத்துக்கு வந்தவர்களை வைத்துப் போடுவதல்ல, மொத்த உரிமையாளர்களை வைத்துப் போடுவது. நமக்கு அது 16. அரை மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு ஐந்து பேர் கைதூக்கி முடிக்கிற விஷயமல்ல.

பதினாறு பேர்தானே, பிடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். பிறகு பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வீடுகள் இன்னும் காலமானவர்களின் பெயரில் இருக்கின்றன. பிள்ளைகள் வாடகையை வாங்கிக்கொள்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்ற யாருக்கும் நேரமில்லை. ஐந்து வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும்தான் இங்கே யாருக்கேனும் அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறார். இரண்டு வீடுகள் பாகப்பிரிவினை வழக்கில் இருக்கின்றன. மீதி 14. அந்த ஒரு அதிகாரப் பத்திரத்தைச் சேர்த்தாலும் 15தான். எதிர்ப்பவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் நம்மால் பதினாறைத் தொட முடியாது. ஆட்கள் இருந்தும் கையெழுத்திட உரிமையுள்ளவர் இல்லாத வீடுகள் இவை. இதே நிலையை மறுபக்கமிருந்தும் பாருங்கள். ஒரு பில்டர் வந்து பதினாறு பேரைத் தனித்தனியே பார்த்துச் சம்மதம் வாங்கிவிட்டால், பேச்சில் கலந்துகொள்ளாத எட்டுப் பேருக்கும் சேர்த்தே நிபந்தனைகள் எழுதப்படும். என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்று இத்தனை நாள் தைரியமாக இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இனி இல்லை.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேலை வேண்டுமே என்று, கிடைத்த கிரையப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றுகளையும் வைத்து எல்லோருடைய பிரிக்கப்படாத பாகத்தையும், அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக்கொடுத்த பங்கையும், கூட்டிப் பார்த்தேன். நம் மனை ஐந்து கிரவுண்டு, அதாவது 12,000 சதுர அடி. 24 வீடுகளின் பாகத்தையும் கூட்டினால் வருவது 11,640. மீதி 360 சதுர அடி யாருடையது? கட்டியவர் நம் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. பத்திரத்தின்படி அது இன்னும் அவர் கையில் இருக்கிறது. இது அபூர்வமான பிழை என்று நினைக்க வேண்டாம். பின்னால் மேலே ஒரு தளம் எழுப்பலாம் என்று எண்ணி, கொஞ்சம் நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் பலர் உண்டு. நாளை இந்த மண்ணின் மதிப்பில் யாருக்கு எவ்வளவு என்று பேசும்போது, வீட்டின் பரப்பளவைவிட இந்தப் பாகம்தான் கேட்கப்படும். என் வீடும் எதிர்வீடும் ஒரே அளவு. ஆனால் என் பாகம் 480, அவருடையது 455. ஏன் என்று கேட்க இருவருக்குமே இத்தனை ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வாங்குகிறவர்களுக்கு நிலைமை பரவாயில்லை. பொதுப் பகுதிகளின் உரிமையைச் சங்கத்துக்கு எழுதித்தர வேண்டும், கட்டுமானக் குறைபாடு என்றால் ஐந்து ஆண்டுகள் வரை பில்டர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. நாம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால் வந்தவர்கள்.

கார் நிறுத்துமிடத்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டைக்கு ஒரு வரி. பில்டரிடம் தனியாகப் பணம் கொடுத்து வாங்கியது, அதனால் என் சொத்து என்று சிலர் சொல்கிறீர்கள். தூண்களுக்கு இடையிலான கார் நிறுத்துமிடம் பொதுப் பகுதி, அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்புதான் அது. ஆனாலும் படித்துப் பார்ப்பது நல்லது. ஜிஎஸ்டி பற்றிய பீதியும் வேண்டாம். மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தக் கேள்வியே எழும். நாம் கட்டுவது 3,000, அதுவும் கட்டுகிறவர்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. காலமானவர் பெயரிலுள்ள மூன்று வீட்டுக்காரர்களும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். எந்தெந்த ஆவணம் வேண்டும் என்பதை நானே எழுதித் தருகிறேன். வெளிநாட்டிலிருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுங்கள். அதில் மறுகட்டுமானம் பற்றிய வரி இருக்கிறதா என்று வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டை விற்க, வாடகைக்கு விட என்று மட்டும் எழுதிய பத்திரம் இதற்கு உதவாமல் போகலாம். உங்கள் கிரையப் பத்திரத்தில் பாகம் எழுதியிருக்கும் பக்கத்தின் நகலை எனக்குத் தாருங்கள். அந்த 360 சதுர அடியைக் கேட்டு, கட்டியவருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும். அவருக்கும் வயதாகிறது. அவர் இருக்கும்போதே கேட்டால் ஒரே ஒருவரிடம் பேசினால் போதும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் சிறப்புக் கூட்டம். 24 நாற்காலிகள் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் லிஃப்டைச் சரிசெய்துவிடுவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
முதல் மாடியில் குடியிருக்கும் உங்கள் முன்னாள் பொருளாளர்