தாளவாடிக்கு ஒரு கடிதம்: படிவம் ‘சி’ பற்றி

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. மழை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் படிவம் ‘சி’க்காக, அதாவது சமூக வனவள உரிமை கோரும் மனுவுக்காக, ஊரின் காட்டு எல்லையை நடந்து பார்க்கும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடு. தழைத்து நிற்கும் உன்னி (லாண்டானா) புதருக்குள் யானை நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

குடும்பத்துக்குத் தனிநபர் பட்டாவா, ஊருக்கே பொதுவான சமூக வன உரிமையா, எதை முதலில் கேட்பது என்கிறாய். என் கட்சி சமூக உரிமைதான். பட்டா வந்தால் வீடும் கொல்லையும் நிலைக்கும், சரி. ஆனால் சோளகப் பழங்குடியினருக்கும் வனத்துறைக்கும் உள்ள தினசரித் தகராறு கொல்லைக்குள் நடப்பதில்லை. நெல்லிக்காய்க்கும் தேனுக்கும் சீமாற்றுப் புல்லுக்கும் போகிற தடத்தில்தான் நடக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் இதெல்லாம் செல்லாது என்று யாராவது மிரட்டினால், 2006 வன உரிமைச் சட்டத்தில் சமூக வனவளத்துக்கு உள்ள வரையறையை வாசித்துக் காட்டு. சரணாலயமும் தேசியப் பூங்காவும் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. கர்நாடக எல்லைக்கு அப்பால் பிலிகிரி ரங்கன் மலையை 2011 ஜனவரியில் புலிகள் காப்பகமாக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள சோளகருக்குச் சமூக உரிமைப் பட்டயம் கிடைத்தது.

கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்கும், கோளாறும் பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடும். ஊராட்சி முழுவதையும் கூட்டினால் உன் குக்கிராமத்தின் குரல் கூட்டத்தில் கரைந்துபோகும். பெரிய ஊராட்சிகளில் குக்கிராம அளவிலேயே சபை கூட்டலாம் என்று பழங்குடியினர் அமைச்சகத்தின் 2012 வழிகாட்டுதல் சொல்கிறது. அதைக் காட்டித் தனியாகக் கூட்டச் சொல். மனுக்களை வாங்கிச் சரிபார்க்கச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். சபைக்குப் பாதிப்பேராவது வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும். தீர்மான நோட்டில் ஆண், பெண் எண்ணிக்கையைத் தனித்தனியாக எழுது. ‘அனைவரும் கலந்துகொண்டனர்’ என்று ஒரே வரியில் முடித்தால், கோப்பைத் திருப்பி அனுப்ப அதுவே சாக்கு.

அதிக நாள் பிடிப்பது, கோருகிற காட்டின் வரைபடம். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு முடிப்பதுதான் வழக்கமான தப்பு. தேன் எடுக்கிற பாறை, கிழங்கு தோண்டுகிற சரிவு, சாமி மரம், பழைய சுடுகாடு எல்லாம் வட்டத்துக்கு வெளியே போய்விடும். முதலில் மண்ணில் கோலப்பொடியால் பெரியவர்களை வரையவிடு. பெண்களைத் தனியாக இன்னொன்று வரையச் சொல், விறகும் கீரையும் எங்கே என்பது அதில்தான் வரும். பிறகு ஜிபிஎஸ் எடுத்து ஒவ்வொரு பெயரிடத்துக்கும் நடங்கள். பக்கத்து ஊர் எல்லையோடு உரசினால் இரண்டு குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, முடிவில் இருவரும் கையெழுத்திட வேண்டும். மனுவோடு குறைந்தது இரண்டு சான்று வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கினால் அதுவும் சான்றே. செயற்கைக்கோள் படம் மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கு. அவர்கள் வராமல் இருந்துவிட்டு, எங்கள் ஆள் இல்லாமல் பார்த்தது செல்லாது என்று பின்னால் ஆட்சேபித்தால் மனு மறு ஆய்வுக்குச் சபைக்கே திரும்பும். இரண்டாம் முறையும் வராவிட்டால் சபை சொன்னதுதான் முடிவு. 2012 திருத்த விதியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஆனால் முத்திரையிட்ட நகல் கையில் இல்லையென்றால் அந்த விதி இருந்தும் பயனில்லை.

மூன்று எச்சரிக்கை. வேட்டையைப் பட்டியலில் சேர்க்காதே, சட்டம் அதை வெளிப்படையாகவே விலக்குகிறது. மேய்ச்சலைச் சேர், ஆனால் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடை போட்டிருப்பதையும் ஊரிடம் மறைக்காமல் சொல். ஊரைக் காப்பகத்துக்கு வெளியே மாற்றும் பேச்சு வந்தால், குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் இழப்பீடு என்பதைக் கேட்டு யாரும் அவசரப்பட வேண்டாம். உரிமைக் கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும்வரை வெளியேற்றக்கூடாது என்பது சட்டம்.

பட்டயம் வந்த பிறகுதான் ருசியான வேலை, காட்டை நாமே பராமரிப்பது. பிலிகிரி மலைச் சோளகர்கள் சொல்வது இது: முன்பெல்லாம் கோடை முற்றுமுன் சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைப்போம், அதைத் தடுத்த பிறகுதான் உன்னி காட்டை மூடியது, நெல்லி மரத்தில் புல்லுருவி என்ற ஒட்டுண்ணிச் செடி பெருகியது. புல்லுருவி ஏறினால் காய்ப்பு குறையும், மரமே பட்டுப்போகும். மேலாண்மைத் திட்டம் எழுதும்போது இதையும் எழுதவேண்டும்: காய் பறிக்கப் போகிறவர் புல்லுருவிக் கிளையையும் வெட்டிவிட்டு வரட்டும், மரத்துக்குக் கொஞ்சம் காயை விட்டுவைக்கட்டும். தீ விஷயத்தில் மட்டும் துறை லேசில் இறங்கிவராது.

அந்த மண்கோல வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பு. ஓடைப் பெயர்களை ஊர் உச்சரிப்பிலேயே எழுது, திருத்தாதே.

அன்புடன்,
சண்முகம்