எழுத்தில் கொடுங்கள்: கொங்கு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கட்டிங் மாஸ்டரின் போன் அடித்தது. அப்போது அவர் மேசையில் துணியை அடுக்கு அடுக்காக விரித்து முடித்து, மேலே பேட்டர்ன் அட்டையை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எண்ணைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தார். "சரிங்க சார்" என்று இரண்டு முறை சொன்னார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "பதினொன்று" என்றார்.

விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பது இது பதினோராவது முறை என்று அதற்குப் பொருள். எட்டாவது அழைப்புக்குப் பிறகு எங்களுக்குள் விளக்கம் தேவைப்படவில்லை.

திருப்பூரில் கட்டிங், தையல், செக்கிங் வரை முடித்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். மொத்தம் பதினெட்டு மெஷின்கள். கட்டிங் மாஸ்டருக்கு வயது 62. யூனிட்டில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாண்டுகளுக்கு முன் தம் பழைய இரு சக்கர வண்டியைத் தெரிந்த புரோக்கர் மூலம் விற்றார். வண்டி உரிமையை மாற்றும் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நகலையும் எடுத்து வைத்துக்கொண்டார். வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றவில்லை. வண்டி கை மாறிக் கை மாறி, கடைசியில் உபா (பயங்கரவாதத்துக்கு எதிரான சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கில் கைதான ஒருவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. பாய்க்கும் அந்த வழக்குக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்.

முதல் முறை கூப்பிட்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கூப்பிடாமல் விட்டிருந்தால்தான் குறை சொல்லியிருப்பேன். 2022 அக்டோபர் 23ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், கோவை உக்கடத்தில் கோயிலுக்கு முன்னால் வெடித்ததும் பல கை மாறிய பழைய கார்தான். வண்டி யாருடையது என்று கேட்காமல் எந்த விசாரணையும் நகராது. கோவைத் தொடர் குண்டுவெடிப்பு நடந்த 1998 பிப்ரவரி 14 உங்களுக்கு நினைவூட்ட வேண்டிய நாள் அல்ல. 58 பேர் இறந்தார்கள், இருநூறு பேருக்கு மேல் காயம்பட்டார்கள். என் மைத்துனர் அன்று சரக்கு எடுக்க ஆர்.எஸ்.புரம் போனவர். இன்றும் மழைக்காலம் வந்தால் அவருக்கு வலது கால் மரத்துப் போகும். பயங்கரவாதத்துக்குத் தனிச் சட்டம் எதற்கு என்று கேட்கிற ஆள் நான் அல்ல என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எழுத்தில் கொடுங்கள்.

பதினொரு முறை அழைத்தவர்கள் ஒரு முறைகூட ஒரு துண்டுச் சீட்டு கொடுத்ததில்லை. எப்போதும் போன்தான். ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள் என்பார்கள். அந்த ஐந்து நிமிடம் காலை பத்தில் தொடங்கி மாலை ஆறில் முடியும். உள்ளே சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மர பெஞ்சு இருக்கிறதாம். அதில் உட்கார வைப்பார்கள். சில நாள் இரண்டு கேள்வி கேட்பார்கள், சில நாள் அதுவும் இல்லை, இன்றைக்கு அதிகாரி வரவில்லை என்று அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது முறை அவருடைய போனை, பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கும் ரசீது இல்லை. வங்கிக் கணக்கு, கேஸ் பதிவு, பேத்தியின் பள்ளிக்கூடத் தகவல் எல்லாம் அந்தப் போனில்தான். இப்போது பட்டன் போன் ஒன்று வைத்திருக்கிறார். அதில் பெரும்பாலும் வருவது அவர்கள் அழைப்புதான்.

பாய் என்ன செய்தார் தெரியுமா? கழித்துப் போட்ட பேட்டர்ன் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் தேதிகளை எழுதத் தொடங்கினார். குழந்தைகள் டி-ஷர்ட்டின் கைக்கு வெட்டிய அட்டை அது. போன தேதி, போன நேரம், திரும்பிய நேரம். முதல் இரண்டு வரிகள் பென்சிலில் இருக்கின்றன. அழிந்துவிடும் என்று யாரோ சொன்ன பிறகு மற்றவை பேனாவில். இந்த விசாரணையைப் பற்றி எங்கள் பக்கம் எழுத்தில் இருப்பது அந்த ஓர் அட்டைதான்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவைதான் என்பீர்கள். பொறுத்துக்கொண்டோம். அவர் இல்லாத ஒரு நாள் உதவிப் பையன் வெட்டியதில் உடல் ஓர் அளவிலும் கை வேறோர் அளவிலும் போய், துணிக்கான பணத்தைக் கம்பெனி என் பில்லில் கழித்துக்கொண்டது. அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது.

எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. அங்கிருந்து ஒரு மேலாளர் வந்தார். நல்ல மனிதர், தணிந்த குரலில்தான் பேசினார். வெளிநாட்டு பையர்கள் தணிக்கைக்கு வருகிறார்கள், உங்கள் ஆள் மேல் ஒன்றுமில்லை என்று அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதுவரை அவர் எங்கள் துணியைத் தொட வேண்டாம் என்றார். பாயின் வீட்டுக்காரரும் அதே வாரத்தில் அதே கடிதத்தைக் கேட்டார்.

நானே பாயுடன் போனேன். பெஞ்சில் நானும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு அதிகாரி வந்து நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாங்கள் இவரை அழைத்ததாகவே பதிவில் இல்லை. அழைக்காதவரைப் பற்றி ஒன்றுமில்லை என்று நான் எப்படி எழுதிக் கொடுப்பது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு அது சிக்கலாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

அது எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு போன் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பார்த்தேன். பிரிவு 24இன்படி தங்களுக்கு விலக்கு உண்டு என்று பதில் வந்தது. பாராட்டத்தான் வேண்டும், அந்தப் பதிலை மட்டும் எழுத்தில் கொடுத்தார்கள்.

ஐயா, அம்மா, நான் சட்டம் படித்தவன் அல்ல. தெரிந்த வழக்கறிஞரிடம் புத்தகம் வாங்கி, சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது) பிரிவு 179, விசாரணை அதிகாரி ஒருவரை வரச் சொல்வதானால் எழுத்து மூலமான ஆணையால் சொல்ல வேண்டும் என்கிறது. 60 வயதுக்கு மேற்பட்ட ஆணை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வேறிடத்துக்கு வரவழைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவரே விரும்பிக் காவல் நிலையத்துக்கு வந்தால் வரலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. எங்கள் பாய் பதினொரு முறையும் விரும்பித்தான் போயிருக்கிறார் போலும்.

உபா சட்டத்திலேயே பிரிவு 43எஃப் இருக்கிறது. அதன்படி விசாரணை அதிகாரி யாரிடமும் தகவல் கேட்கலாம், கொடுக்காவிட்டால் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் கேட்பதற்கு முன், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் அவர் எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். நாட்டிலேயே கடுமையான சட்டம்கூட எழுத்தைக் கேட்கிறது, போன் செய்கிறவர்தான் கேட்பதில்லை. உபா வழக்கில் கைது செய்யப்படுபவருக்குக் கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே இன்று குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தாள் கிடைக்கும், வண்டி விற்றவருக்குக் கிடைக்காது. கைது செய்திருந்தால் எனக்கும் ஒரு காகிதம் கிடைத்திருக்கும் என்று பாய் ஒருநாள் சொன்னார். யூனிட்டில் யாரும் சிரிக்கவில்லை.

விசாரணைக்கு 90 நாளுக்குப் பதில் 180 நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றும், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையென்று தோன்றினாலே ஜாமீன் தர முடியாது என்றும் சொல்லும் உபாவின் பிரிவு 43டி பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். வழக்கு முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரை உள்ளே வைத்திருந்தால் அந்தப் பிரிவையும் மீறி நீதிமன்றம் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றமே 2021இல் சொல்லிவிட்டது. கோவை குண்டுவெடிப்பு வழக்கில் கேரள அரசியல் தலைவர் அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 2007இல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை ஆனதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அவையெல்லாம் வழக்கு எண் உள்ளவர்களின் துன்பம். எண்ணே இல்லாதவருக்காகத்தான் நான் இந்த மடலை எழுதுகிறேன்.

எழுத்தில் இல்லாத விசாரணை என்ன செய்யும் என்று நம் பகுதிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீரப்பன் தேடுதலின்போது சத்தியமங்கலம் மலைக் கிராமங்களில் யாரை எப்போது கூட்டிப் போனார்கள், எப்போது விட்டார்கள் என்பதற்குப் பல இடங்களில் கணக்கே இல்லை. பிறகு அந்த அத்துமீறல் புகார்களை விசாரித்த சதாசிவா குழு ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது. அன்றைக்கே ஒரு பதிவேட்டில் பெயரும் தேதியும் ஏறியிருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கே இது புதிதல்ல. பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 2002இல் நாடாளுமன்றத்தில் வந்தபோது வைகோவின் கட்சி அதை ஆதரித்தது. சில மாதங்களில் அதே சட்டத்தில் அவரே கைதாகி 19 மாதங்கள் சிறையில் இருந்தார். பின்னாளில் ஈரோட்டின் உறுப்பினராக இருந்த கணேசமூர்த்தியும் அப்போது பொடாவில் சிறை சென்றவர்தான். கை தூக்கிய அவைக்கும் கம்பி எண்ணிய அறைக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான்.

ஜி.எஸ்.டி. அலுவலகம் நூற்று எண்பது ரூபாய் வித்தியாசத்துக்கு எனக்கு நோட்டீஸ் அனுப்புகிறது, அதற்கு ஆவண எண் உண்டு, தேதி உண்டு, பதில் சொல்லக் கெடு உண்டு. மின் வாரியம் கட்டணம் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன் தாள் ஒட்டுகிறது. நூல் விலை ஏறும்போது மில்காரர்கள்கூட ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார்கள். தேர்தல் சமயத்தில் யூனிட் யூனிட்டாக வந்து நூல் விலைக்கு வழி செய்வோம் என்று எங்களிடம் சொல்லிப் போனீர்களே, அதுவும் வாய்ச்சொல்தான், எழுத்தில் வாங்கி வைக்காதது எங்கள் தவறு. சரி, அது வேறு கதை. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

கேட்க வந்ததைப் பணிவாகக் கேட்டுவிடுகிறேன். பயங்கரவாத வழக்கில் சாட்சியாகவோ தகவலுக்காகவோ யாரை அழைத்தாலும், எண்ணும் தேதியும் அதிகாரியின் பதவியும் உள்ள ஓர் அழைப்பாணை கொடுக்கச் சொல்லுங்கள். காரணம் எழுத வேண்டாம். ரகசியம் காக்க வேண்டிய வேலை அது என்று எனக்கும் தெரியும். போனோ புத்தகமோ வாங்கினால் ரசீது வேண்டும், திருப்பித் தர ஒரு கெடு வேண்டும். குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு கேட்டால், இந்தத் தேதி வரை இவர் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று ஒரு வரி கொடுக்க வேண்டும். இன்றுவரை இல்லை என்பதுதான் அதன் பொருள். நாளை ஆதாரம் கிடைத்தால் நாளை கைது செய்யட்டும், அந்த ஒரு வரி யார் கையையும் கட்டாது.

பிரிவு 179இல் இருப்பது ஏன் நடப்பதில்லை என்றால், நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதவில்லை. மீறினால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்ற ஒரு துணைப் பிரிவை உபாவில் சேர்க்க உங்களில் ஒருவர் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். குறைந்தது ஒரு கேள்வியாவது எழுப்பலாம். மும்பைத் தாக்குதல் முடிந்து மூன்று வாரத்துக்குள் 2008 டிசம்பரில் உபா திருத்தத்தையும் தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டத்தையும் நிறைவேற்றிய அவை அது. வேகமாக வேலை செய்யத் தெரிந்த அவைதான்.

பேட்டர்ன் அட்டையின் இரு பக்க நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏழாவது வரியில் நேரம் இல்லை. அன்று திரும்பும்போது இருட்டிவிட்டது, கண்ணாடியை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை போனவரை இந்த வியாழக்கிழமை மறுபடியும் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் யாராவது ஒருவர் அதற்கு முன் அந்த அலுவலகத்துக்குப் பேசி, ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொன்னால் போதும். நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர்,
திருப்பூர்